ஊசி பிடித்த கையும் உழைக்கும் கையே!

மில்லில் நூல் ஓட்டுகிறவர்களும், சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவர்களும் படிக்கிற பத்திரிகை இது. இதில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் வீட்டிலிருந்து ஸ்வெட்டர் பின்னுகிற பெண்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். அது வசதி படைத்தவர் வீட்டு அம்மாள்கள் மத்தியானப் பொழுதைக் கழிக்கிற சமாசாரம் அல்லவா என்றும் கேட்கலாம்.

அப்படிக் கேட்பதில்தான் விஷயமே இருக்கிறது. "பொழுதுபோக்கு" என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான பெண்களின் கூலி பறிக்கப்படுகிறது. பறிக்கிறவன் அந்தச் சொல்லைச் சொல்வதில் ஆச்சரியமில்லை. பறிகொடுக்கிறவளே அதைச் சொல்கிறாள். சங்கம் வைத்துப் போராடுகிற நாமும் சேர்ந்து சொல்கிறோம். இதுதான் வேதனை.

வெயில் ஊரில் கம்பளியா?

சென்னையில் கம்பளிக்கு என்ன வேலை? சித்திரை வெயிலில் பனியனே பாரமாயிருக்கிற ஊரில் ஸ்வெட்டரை யார் வாங்குவார்கள்?

உடுத்துகிறவர்கள் இங்கே இல்லை. பின்னுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்குத் தொப்பி, காலுறை, சின்னச் சட்டை. மலையூர்களுக்கும் வடநாட்டுக்கும் ஸ்வெட்டர், சால்வை. பருத்தி நூலில் பை, மேஜை விரிப்பு. குரோஷா ஊசியில் பொம்மை. இவை யாவும் ஆர்டரின்பேரில் பின்னப்பட்டு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன. இரண்டு ஊசி வைத்துப் பின்னுவது ஒரு வகை, கொக்கி ஊசி ஒன்றை வைத்துப் பின்னுவது இன்னொரு வகை. 2016இல் இந்தக் குரோஷா வேலையில் 11,148 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரே போர்வையைப் பெண்கள் கூட்டாகப் பின்னி, அது சென்னையில் கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. இரண்டரை ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை மூடக்கூடிய போர்வை! இந்த நாட்டுப் பெண்களின் விரல்களில் எவ்வளவு திறமை இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆசைக்காகப் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். பேரக் குழந்தைக்குப் பின்னுகிற பாட்டி இருக்கிறாள். அவர்களோடு நமக்குச் சச்சரவு இல்லை. நாம் பேசுவது கூலிக்குப் பின்னுகிறவளைப் பற்றி. அவளை எடுத்துக்கொள்ளுங்கள்.

விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடிக்கிறாள். சமைக்கிறாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளாக இருந்தால் அதையும் முடித்துவிட்டு வருகிறாள். பத்து மணிக்கு ஊசியைக் கையில் எடுத்தால் ஒரு மணிக்கு வைக்கிறாள். மறுபடி மூன்று மணிக்கு எடுக்கிறாள். இராத்திரி எல்லாரும் படுத்த பிறகு விளக்கடியில் பதினொரு மணிவரை பின்னுகிறாள். கழுத்து பிடித்துக்கொள்கிறது. மணிக்கட்டு வீங்குகிறது. கறுப்பு நூலில் கண்ணி எண்ணி எண்ணிக் கண் மங்குகிறது. எட்டு மணி நேர வேலைநாள் என்ற கோரிக்கைக்காகப் பிறந்த மே தினத்தை, இந்தியாவில் முதன்முதலாக 1923இல் சிங்காரவேலர் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில்தான். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் அன்று ஏற்றிய செங்கொடிக்கும் மயிலாப்பூர்ச் சந்துக்கும் இடையே நடைதூரம்தான். எட்டு மணி நேரம் மட்டும் நூறு வருஷமாகியும் அந்தச் சந்துக்குள் நுழையவில்லை.

ஒரு ஸ்வெட்டரின் கணக்கு

தொழிலாளிக்குக் கணக்குத்தான் முக்கியம். ஆகவே ஒரு கணக்குப் போடுவோம்.

நடுத்தரக் கம்பளி நூலில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு 20 கண்ணியும், பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 28 வரிசையும் விழுவது வழக்கமான அளவு. அதாவது உள்ளங்கை அகலமுள்ள ஒரு சதுரத்தில் 560 கண்ணிகள். பெரியவர் ஒருவர் போடுகிற முழுக்கை ஸ்வெட்டருக்கு உடலும் இரண்டு கையும் சேர்த்து ஏறக்குறைய 9,000 சதுர சென்டிமீட்டர் பின்ன வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 50,000 கண்ணிக்கு மேல்! ஒவ்வொரு கண்ணியையும் ஊசி நுனியால் குத்தி, நூலைச் சுற்றி, இழுத்து, நழுவ விட வேண்டும். தேர்ந்த கை நிமிஷத்துக்கு 25 கண்ணி போடும் என்று வைத்துக்கொள்வோம். 2,000 நிமிஷம். சுமார் 34 மணி நேரம். பின்பு தைத்து இணைக்க, கழுத்துப்பட்டி எடுக்க, துவைத்து விரித்து அளவு பார்க்கத் தனி நேரம்.

34 மணி என்றால் என்ன? எட்டு மணிநேர ஷிப்டில் நாலு நாளுக்கு மேல். மில் தொழிலாளியே, நாலு ஷிப்டுக்கு உன் கூலி என்ன? விவசாயத் தொழிலாளியே, 2025-26இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அதுவே போதாது என்று நாம் போராடுகிறோம். அந்தப் போதாத கூலியின்படி பார்த்தாலும் நாலு நாளுக்கு 1,344 ரூபாய் வர வேண்டும்.

ஒரு வியாபாரி ஸ்வெட்டர் ஒன்றுக்கு 500 ரூபாய் கூலி தருகிறான் என்று வையுங்கள். கேட்கிற காதுக்கு அது பெரிய தொகை. "ஐந்நூறு ரூபாயா! வீட்டில் உட்கார்ந்தபடியேவா!" என்று பக்கத்து வீட்டுக்காரியே சொல்வாள். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 15 ரூபாய்கூட இல்லை. ஒரு டீக்குத்தான் ஆகும். பீஸ் ரேட் என்பதன் சூட்சுமம் இதுதான். அது நேரத்தை மறைக்கிறது. எவ்வளவு நேரம் உழைத்தாய் என்று கேட்காமல், எத்தனை உருப்படி கொண்டுவந்தாய் என்று மட்டும் கேட்கிறது. களத்துமேட்டில் மரக்காலைக் குறைத்து அளந்த மிராசுதாரின் வித்தையும் இதே வித்தைதான். அங்கே அளவு குறைந்தது. இங்கே அளக்கவே இல்லை.

இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். அவள் கையிலிருக்கும் ஊசி எங்கிருந்து வந்தது? நீலகிரியில் கேத்தியில் 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஆலையில் "போனி" என்ற பெயரில் பின்னல் ஊசிகள் செய்யப்படுகின்றன. அந்த ஊசியைச் செய்தவர் தொழிலாளி என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அவள் மடியிலிருக்கும் கம்பளி லூதியானா மில்லில் நூற்றதாயிருக்கலாம். நூற்றவரும் தொழிலாளிதான். இந்த ஊசியையும் அந்த நூலையும் சேர்த்து உடுப்பாக்கினாளே, அவள் மட்டும் யார்? இல்லத்தரசியாம்! ஊசி செய்தது உழைப்பு, நூல் நூற்றது உழைப்பு, பின்னியது மட்டும் பொழுதுபோக்கா? எந்த ஊர் நியாயம் இது?

டிசைன் யாருடையது?

பின்னுகிறவர்களிலேயே டிசைன் போடத் தெரிந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய உழைப்பு இன்னும் ஆழமாக மறைக்கப்படுகிறது.

டிசைன் என்றால் பூ வரைவது மட்டும் என்று நினைக்காதீர்கள். அது கணக்கு வேலை. முதலில் சிறு சதுரம் ஒன்றைப் பின்னிப் பார்த்து, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ண வேண்டும். 20 விழுந்தால், நூறு சென்டிமீட்டர் மார்புச் சுற்றுக்கு 200 கண்ணி. 20க்குப் பதில் 19 என்று தப்பாக எண்ணிவிட்டால், 190 கண்ணி போட்டு ஐந்து சென்டிமீட்டர் இறுக்கமான சட்டை வந்துவிடும். பிறகு கைக்குழி எந்த வரிசையில் வளைய வேண்டும், தோளுக்கு எத்தனை கண்ணி குறைய வேண்டும், கழுத்துக்கு எவ்வளவு விட வேண்டும் என்று வரிசை வரிசையாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். பூவேலை ஆறு கண்ணிக்கு ஒருமுறை திரும்புகிறதென்றால், 200 என்பது ஆறால் மீதியின்றி வகுபடாது. 198 அல்லது 204 என்று மாற்ற வேண்டும். சிறிய அளவு, நடு அளவு, பெரிய அளவு என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். எழுதியதை வேறொரு பெண்ணிடம் கொடுத்துப் பின்னச் சொல்லிப் பிழை பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துகிறவரின் திறமையை நெசவாளித் தோழர்கள் அறிவார்கள். அதற்கு இணையான வேலை இது. மயிலாப்பூரில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒரு பெண் இதை மனக்கணக்காகச் செய்கிறாள் என்றால், அவள் என்ஜினியரிங் படிக்க வேண்டியவள் என்று பொருள்.

இவ்வளவுக்கும் அவளுக்கு என்ன கூலி? சாம்பிள் ஒன்று பின்னிக்கொண்டு வா என்கிறான் வியாபாரி. கொண்டுபோகிறாள். வாங்கிப் பார்க்கிறான், "யோசித்துச் சொல்கிறேன்" என்கிறான். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறான். அதே டிசைனை வேறு பத்துப் பெண்களிடம் குறைந்த கூலிக்குக் கொடுத்துவிட்டால் அவள் எங்கே போய் முறையிடுவாள்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. எழுதி வைத்த டிசைன் குறிப்புக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் உடுப்பின் டிசைனுக்கு 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு வேறு விதி வைத்திருக்கிறது. பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவரிடம் அனுமதி பெற்றவரோ அதைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உருப்படியாக்கிவிட்டால், அந்தப் பதிப்புரிமை தீர்ந்துபோகிறது. காக்க வேண்டுமானால் 2000ஆம் வருஷத்து டிசைன் சட்டப்படி முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், பதிவு செய்துகொள்ளும். கூலிக்குப் பின்னுகிறவள் ஒவ்வொரு பூவுக்கும் பாரம் எழுதிக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க முடியுமா? சொத்துள்ளவனுக்குச் சட்டம் கதவு; சொத்தில்லாதவளுக்கு அதுவே சுவர்.

நர்சாபூர் சொல்லும் பாடம்

"வீட்டிலிருக்கும் பெண் ஓய்வு நேரத்தில் செய்கிறாள், கிடைத்தது லாபம்" என்ற பேச்சு எங்கே பிறந்தது? இதற்கு ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நர்சாபூரைப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்துவ மிஷனரிமார் அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். நம் நாகர்கோவிலிலும் அதே நூற்றாண்டில் அப்படித்தான் லேஸ் வேலை வேரூன்றியது. நர்சாபூரில் நாளடைவில் அது பெரிய ஏற்றுமதி வியாபாரமாயிற்று. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது என்ன?

பெண்கள் வீட்டு வேலைக்கு மேலே தினம் பல மணி நேரம் லேஸ் பின்னுகிறார்கள். நூல் ஏஜண்டிடமிருந்து வருகிறது. சரக்கு ஏஜண்டிடம் போகிறது. ஏஜண்டிடமிருந்து ஏற்றுமதியாளனிடம் போகிறது. பின்னுகிறவளுக்குத் தன் சரக்கு எந்த நாட்டில் என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாது. உலகச் சந்தைக்கு உழைக்கிற அந்தப் பெண், ஊர்க் கணக்கில் வெறும் இல்லத்தரசி. அவள் இல்லத்தரசி என்று சொல்லப்படுவதனால்தான் கூலியை அவ்வளவு கீழே வைக்க முடிகிறது என்று மீஸ் காட்டினார். புருஷன் சோறு போடுகிறான், இவள் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறாள் என்ற கற்பனையின்மேல் லாபக் கட்டடம் எழும்பியிருக்கிறது.

இந்த நர்சாபூருக்கும் மயிலாப்பூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் தொடங்கி, மயிலாப்பூரை இருப்பிடமாகக் கொண்டு நடந்த உழைக்கும் மகளிர் அமைப்பான ஒர்க்கிங் விமன்ஸ் போரம், நர்சாபூர் லேஸ் பெண்களிடையேயும் வேலை செய்தது. லேவாதேவிக்காரன் பிடியிலிருந்து விடுவிக்கச் சிறு கடன் ஏற்பாடு செய்தது. கந்துவட்டியின் கொடுமை தெரிந்த நாம் இதன் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கடன் கூலியாகுமா? கூலி குறைவாக இருப்பதனால் கடன் வாங்குகிறாள். கடன் வட்டியில்லாமலே கிடைத்தாலும் திருப்பிக் கட்ட வேண்டும். எதிலிருந்து கட்டுவாள்? அதே குறைந்த கூலியிலிருந்துதான். பெண்களுக்குக் கடன் கொடு, தொழில் முனைவோர் ஆக்கு என்று இன்று சர்க்காரும் பாங்குகளும் முழங்குகின்றன. நாள் முழுவதும் கண்ணி எண்ணுகிறவளை முதலாளி என்று பெயர் சூட்டிவிட்டால், அவளுக்குக் கூலி கொடுக்க வேண்டிய முதலாளி காணாமல் போய்விடுகிறான்! இது புதிய தந்திரம்.

பழைய கதை

தந்திரம் புதிது, கதை பழையது. 1589இல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயரின் கால்வர்ட்டன் கிராமத்தைச் சேர்ந்த வில்லியம் லீ, காலுறை பின்னும் சட்டத்தறியைக் கண்டுபிடித்தார். இன்று திருப்பூரில் சுழலும் பின்னல் மிஷின்களுக்கெல்லாம் அது மூதாதை. அந்தத் தறி வந்த பிறகு பின்னலாளி என்ன ஆனார்? தன் வீட்டில் உட்கார்ந்து, முதலாளிக்குச் சொந்தமான தறியில், முதலாளியின் நூலில் பின்னினார். தறிக்கு வாடகை வேறு கட்டினார். வேலை இல்லாத வாரத்திலும் வாடகை பிடிக்கப்பட்டது. வீடு தன் வீடு. உழைப்பின் பலன் மட்டும் தன்னுடையதல்ல.

கூலி குறைந்து வயிறு காய்ந்தபோது 1811இல் நாட்டிங்ஹாம் பின்னலாளிகள் தறிகளை உடைத்துக் கிளம்பினார்கள். லுட்டைட்டுகள் என்று சரித்திரம் அவர்களைச் சொல்கிறது. 1812இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தறி உடைத்தவனுக்குத் தூக்குத் தண்டனை என்று சட்டம் போட்டது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறிவிட்டது. ஒரு காலுறைத் தறியின் விலை ஒரு மனித உயிரைவிட அதிகம் என்று முதலாளி வர்க்கம் எழுதி வைத்துக்கொண்டது.

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட "மூலதனம்" முதல் பாகத்தில் இந்த வீட்டுத் தொழிலைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். நவீன காலத்து வீட்டுத் தொழில் பழைய கைத்தொழில் அல்ல, அது ஆலையின் வெளிப் பகுதி என்று கண்டு சொன்னார். ஆலையின் கூரை அவள் குடிசைவரை நீண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வாடகை, விளக்கு, தண்ணீர், நாற்காலி எல்லாம் தொழிலாளியின் செலவு. முதலாளிக்கு லாபம் மட்டும் சொந்தம்.

இன்றைய பின்னல்காரிக்குச் சட்டத்தறி வாடகை இல்லை. அதற்குப் பதில் கைப்பேசியும் அதன் ரீசார்ஜும் அவள் செலவு. படம் அனுப்ப வேண்டும், ஆர்டர் பார்க்க வேண்டும். நூலையும் பல சமயம் தன் காசில் வாங்குகிறாள். ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்டன. அங்கே இருக்கிறவள் சரக்கைத் தியாகராய நகரில் கொண்டுவந்து கொடுக்க பஸ் செலவும் ஒரு பொழுதும் அவளுடையது. இவை எதுவும் ஐந்நூறு ரூபாய்க் கணக்கில் ஏறுவதில்லை.

முதலாளி யார் என்பதற்கு ஓர் உரைகல்

"நான் முதலாளியே இல்லை. அவர்கள் பின்னிக்கொண்டு வருகிறார்கள், நான் வாங்குகிறேன்" என்பான் வியாபாரி. இதற்குப் பதில் சுப்ரீம் கோர்ட் 1973இலேயே சொல்லியிருக்கிறது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு என்று பெயர். தையல்காரர்கள் பீஸ் ரேட்டில் கூலி வாங்கினார்கள். வேலைநேரம் கட்டாயமில்லை. சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்தார்கள். வேறு கடைக்கும் தைத்தார்கள். அப்படியும் அவர்கள் கடையின் தொழிலாளிகளே என்று கோர்ட் தீர்ப்பளித்தது. என்ன காரணம்? தைத்தது சரியில்லை என்று தள்ளவும், திருப்பித் தைக்கச் சொல்லவும் கடைக்காரருக்கு அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரம் முதலாளியின் அதிகாரம்.

இந்த உரைகல்லில் பின்னல் வியாபாரியை உரைத்துப் பாருங்கள். கை ஒரு சென்டிமீட்டர் நீளம் என்று தள்ளுகிறவன் யார்? பிரித்துப் பின்னு என்கிறவன் யார்? பிரித்துப் பின்னிய நேரத்துக்குக் கூலி இல்லை என்கிறவன் யார்? தள்ளுகிற கை முதலாளியின் கை. தள்ளப்படுகிறவள் தொழிலாளி. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கொடுத்ததும் எடுத்ததும்

1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் "தொழிலாளி" என்பதற்கு இலக்கணம் எழுதியபோது, பிறருடைய வியாபாரத்துக்காகப் பொருளை வாங்கி வீட்டில் வைத்துச் செய்து கொடுக்கிறவரையும் சேர்த்தே எழுதியது. அமல் நடத்தினார்களா என்பது வேறு விஷயம். எழுத்தாவது இருந்தது. வாதாடப் பிடி இருந்தது.

மோடி சர்க்கார் 2019இல் நிறைவேற்றிய கூலித் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. பழைய சட்டத்தின் இடத்தில் அது உட்கார்ந்தது. அதில் தொழிலாளியின் இலக்கணத்தைப் படித்துப் பாருங்கள். வீட்டில் வைத்துச் செய்து கொடுக்கிறவரைப் பற்றிய அந்த வரி இல்லை! 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் "வீட்டிலிருந்து உழைப்பவர்" என்ற பெயர் இருக்கிறது. ஆனால் நலத்திட்டம் வகுக்கத்தான் அந்தப் பெயர். கூலி கேட்க அல்ல. 2021இல் இ-ஷ்ரம் என்று அட்டை கொடுத்தார்கள். அட்டை கிடைத்தது, கூலி கிடைக்கவில்லை. பிச்சைப் பாத்திரம் கொடுத்து உரிமைப் பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996இல் வீட்டுவேலைத் தொழில் பற்றி 177ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டில் செய்கிறவருக்கும் ஆலையில் செய்கிறவருக்கும் சமமான நடத்தை வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

முடியும் என்பதற்குச் சாட்சி

வீட்டுக்குள் இருக்கிறவர்களைச் சங்கம் சேர்க்க முடியுமா என்று சந்தேகப்படுகிற தோழர்களுக்கு நாம் பீடிப் பெண்களைக் காட்டுகிறோம். நெல்லைச் சீமையிலும் வேலூர்ப் பக்கத்திலும் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்ணையும் ஒரு காலத்தில் யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. செங்கொடிச் சங்கங்கள் விடாமல் போராடின. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுகிறவரையும் அது தொழிலாளி என்றது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயம், கூலிப் புத்தகம், பிராவிடண்ட் பண்டு எல்லாம் படிப்படியாக வந்தன. அந்தச் சட்டத்தையும் இன்று தொகுப்புச் சட்டத்தில் கரைத்துவிட்டார்கள் என்பது நாம் தொடர்ந்து போராட வேண்டிய விஷயம். ஆனால் திண்ணையில் இருந்தவள் தொழிலாளி என்று நிலைநாட்டியது சரித்திரம். அதை எந்த சர்க்காரும் கரைக்க முடியாது.

அகமதாபாத்தில் இலா பட் 1972இல் சேவா சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, முதலாளி இல்லாமல் யாரை எதிர்த்துச் சங்கம் என்று அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். அப்படியும் அந்தச் சங்கம் பதிவாயிற்று. திருப்பூரில் 1984இல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிஷினில் பின்னினாலும் கையில் பின்னினாலும் கண்ணி ஒன்றுதான், போராட்டமும் ஒன்றுதான்.

"கூலியை உயர்த்தினால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்" என்று பயமுறுத்துவார்கள். மில் தொழிலாளி கேட்காத பயமுறுத்தலா இது? சென்னைக்கு நர்சாபூரைக் காட்டுவார்கள், நர்சாபூருக்கு வேறொரு ஊரைக் காட்டுவார்கள். இதற்கு மருந்து, தேசம் முழுவதற்கும் ஒரே அடிப்படைக் கூலி. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வீட்டில் இருக்கிறவளின் கூலி கீழே கிடக்கும்வரை, ஆலையில் இருக்கிறவனின் கூலியும் மேலே போகாது. வேலையை வெளியே கொடுத்துவிடுவேன் என்பதுதான் முதலாளி கையிலிருக்கும் சாட்டை. அந்தச் சாட்டையின் நூலை முறுக்குவது நம் வீட்டுப் பெண்களின் மலிவான உழைப்பு.

ஆகவே நாம் கோருவது இவை:

வீட்டில் வைத்துப் பொருள் செய்து கொடுக்கிறவர் தொழிலாளியே என்று கூலிச் சட்டத்தில் மறுபடியும் எழுத வேண்டும்.

ஒவ்வொரு உருப்படிக்கும் ஆகிற நேரத்தைப் பின்னுகிறவர்கள் முன்னிலையில் அளந்து, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாதபடி பீஸ் ரேட் நிர்ணயிக்க வேண்டும்.

நூல் வியாபாரி தர வேண்டும். கூலிப் புத்தகம் இரண்டு பிரதி இருக்க வேண்டும். ஒன்று அவள் கையில்.

டிசைனுக்குத் தனிக் கூலி வேண்டும். சாம்பிளுக்கும் காசு வேண்டும். டிசைன் போட்டவளின் பெயர் சரக்கோடு போக வேண்டும்.

பிராவிடண்ட் பண்டு, பிரசவச் சலுகை, கண் வைத்தியம் வேண்டும். 177ஆவது உடன்படிக்கையை இந்திய சர்க்கார் ஏற்க வேண்டும்.

சர்க்காரைக் கேட்பது ஒரு பாதி. மறுபாதி நம் வேலை. தோழர்களே, உங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஊசி எடுக்கிற பெண்கள் இருந்தால், அவர்களோடு உட்கார்ந்து மணிக்கணக்குப் போடுங்கள். ஒரு உருப்படிக்கு எத்தனை மணி, எவ்வளவு கூலி, செலவு போக மிச்சம் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பத்து வீட்டு நோட்டு சேர்ந்தால் அது கோரிக்கை மனு. நூறு வீட்டு நோட்டு சேர்ந்தால் அது சங்கம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் உள்ள கிளைத் தோழர்களும் மாதர் சங்கத் தோழியர்களும் இந்த மாதமே இந்த வேலையைத் தொடங்கட்டும்.

ஒற்றைக் கண்ணி நழுவினால் வரிசை முழுவதும் பிரிந்துபோகும் என்று பின்னுகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். தொழிலாளி வர்க்கத்தின் வரிசையிலும் ஒரு கண்ணி நெடுங்காலமாக நழுவிக் கிடக்கிறது. அதைக் கோத்தெடுப்போம்!